வாஷிங் மெஷின் இடத்தில் அடங்கவில்லையா? அறிகுறியை வைத்துத் தவறிய அளவைக் கண்டுபிடிக்கும் வழி

வாஷிங் மெஷின் வாங்கும்போது பலரும் அளப்பது ஒன்றே ஒன்றுதான்: வைக்கப்போகும் இடத்தின் அகலம். “இடம் அறுபது, மெஷினும் அறுபது, சரி” என்று முடிவாகிவிடும். பெட்டியைப் பிரித்த பிறகுதான் சிக்கல் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மெஷினுக்கு உண்மையில் மூன்று அளவுகள் உண்டு. சும்மா நிற்கும்போது அது அடைக்கும் இடம் ஒன்று. கதவு திறந்து, ஹோஸ் மாட்டி, முழு வேகத்தில் சுழலும்போது அதற்குத் தேவைப்படும் இடம் இன்னொன்று. வாசலிலிருந்து அந்த மூலைக்கு வந்து சேரும் வழி மூன்றாவது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது மட்டும். வீட்டில் தலைவலி கொடுப்பவை பெரும்பாலும் மற்ற இரண்டும்தான். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள். எந்த அளவு தவறியது என்று தெரிந்தால் சரிசெய்யும் வழியும் தெரிந்துவிடும். இன்னும் வாங்காதவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு டேப்பை எடுப்பது நல்லது.

முதலில், டேப் பிடிக்கும் முறை

இரும்பு டேப்பே எடுத்துக்கொள்ளுங்கள். துணி டேப் இழுத்தால் நீளும், விட்டால் தொய்யும். ஒரு சென்டிமீட்டர் தீர்மானிக்கிற வேலைக்கு அது உதவாது. இரும்பு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். கழன்றுவிட்டது என்று நினைத்துச் சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் அது நகரும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டுக் கொடுத்து அளந்தாலும் எண் சரியாக வருவதற்கான ஏற்பாடு அது.

இரண்டு சுவர்களுக்கு நடுவே அளக்கும்போது டேப்பை மூலையில் மடக்கிக் குத்துமதிப்பாகப் படிக்க வேண்டாம். டேப்பின் கூட்டையே எதிர்ச் சுவரில் முட்ட வைத்து, வாயருகே தெரியும் எண்ணோடு கூட்டின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பல டேப்புகளில் அந்த நீளம் கூட்டின் மேலேயே போட்டிருக்கும்.

எதையும் ஒரே இடத்தில் அளந்து நிறுத்தக் கூடாது. அகலத்தைத் தரையோரம், நடுவில், மேலே என மூன்று உயரத்தில் அளக்க வேண்டும். முன்பக்கம் ஒருமுறை, பின்சுவரோரம் ஒருமுறை. வருகிற எண்களில் மிகச் சிறியதுதான் உங்கள் இடத்தின் அளவு. சராசரி எடுத்துப் பயனில்லை. மெஷின் எங்கே குறுகலோ அங்கேதான் முட்டும்.

அறிகுறி: தாளில் பார்த்த அளவும் வந்து இறங்கிய மெஷினும் ஒத்துப்போகவில்லை

மெஷினில் தவறு இருக்காது, எண்களைப் படித்ததில்தான் இருக்கும். அளவு மூன்று எண்களாக வரும், ஆனால் அவற்றின் வரிசை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. ஒருவர் அகலம், ஆழம், உயரம் என்று போடுவார். இன்னொருவர் அகலத்துக்கு அடுத்து உயரத்தைப் போடுவார். உயரத்திலேயே தொடங்குபவர்களும் உண்டு. ஃப்ரண்ட் லோடு என்றால் அடையாளம் காண்பது எளிது: 84, 85 என்று வருவது உயரம், 60-ஐ ஒட்டி வருவது அகலம், மிச்சம் இருப்பது ஆழம். ஆழம்தான் மாடலுக்கு மாடல் மாறும்; ஒல்லி வகையில் 40-ஐ ஒட்டியும் பெரிய கொள்ளளவில் 60-ஐத் தாண்டியும் போகும். டாப் லோடில் அகலமும் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

அடுத்தது, நீங்கள் படித்தது அட்டைப் பெட்டியின் அளவா என்று பாருங்கள். பட்டியலில் இரண்டும் அருகருகே இருக்கும். பெட்டியின் அளவு எல்லாப் பக்கமும் சில சென்டிமீட்டர் கூடுதல். மூலையில் அடங்குமா என்று பார்க்க அது வேண்டாம். வாசலில் நுழையுமா என்று பார்க்க அதுதான் வேண்டும்.

அங்குலத்தில் அளந்திருந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 24 அங்குலத்தை 60 செ.மீ. என்று வாய்க்கணக்கில் சொல்கிறோம், உண்மையில் அது 60.96 செ.மீ. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். கணக்கே வேண்டாம், முதலிலிருந்தே மில்லிமீட்டரில் எழுதிவிடுங்கள்.

கிலோ கணக்கை வைத்து உருவத்தை ஊகிப்பதையும் விட்டுவிடலாம். 7 கிலோ, 9 கிலோ ஃப்ரண்ட் லோடு இரண்டும் ஒரே 60 செ.மீ. அகலத்தில் வரும். கூடுதல் கொள்ளளவு பெரும்பாலும் ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

அறிகுறி: அகலம் போதும் என்று எழுதி வைத்திருந்தும் பாதியில் சிக்கி நிற்கிறது

தரையோரத்தைப் பாருங்கள். சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை சுவரை விட ஒரு சென்டிமீட்டராவது முன்னே நிற்கும். இரண்டு பக்கமும் பட்டை இருந்தால் இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டது. இடுப்பு உயரத்தில் அளந்தவருக்கு இது தெரியாது.

பட்டை இல்லை, அப்படியும் சிக்குகிறது என்றால் மூலை சதுரமாக இல்லை. இதைச் சோதிக்கக் கொத்தனார்கள் காலங்காலமாகச் செய்யும் முறை ஒன்று போதும். மூலையிலிருந்து ஒரு சுவரோரமாக 60 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். மற்ற சுவரோரமாக 80 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சரியாக 100 செ.மீ. இருந்தால் மூலை செங்கோணம். 98 வந்தால் மூலை குறுகியிருக்கிறது, 102 வந்தால் விரிந்திருக்கிறது. சுவர் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் 60 செ.மீ. ஆழம் போவதற்குள் ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும்.

மூன்றாவது காரணம் தரையின் சரிவு. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் புழங்கும் தரையை வடிகால் பக்கமாகச் சற்றுச் சரித்துத்தான் போடுவார்கள். 60 செ.மீ. அகலத்துக்குள் தரை ஒரு பக்கம் 1 செ.மீ. இறங்கியிருந்தால், 85 செ.மீ. உயர மெஷினின் தலை அந்தப் பக்கம் ஏறக்குறைய 1.4 செ.மீ. சாயும். கீழே இடைவெளி தெரியும், மேலே சுவரில் உரசும். உள்ளே தள்ளும் முன்பே தாழ்ந்த பக்கக் கால்களைத் திருகி உயர்த்தி, ரசமட்டத்தை மேலே வைத்துக் குமிழி நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். உயர்த்திய ஒரு சென்டிமீட்டரை உயரக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

வெறும் உரசல் மட்டும்தான் பிரச்சினை என்றால் சுவரடிப் பட்டையை அந்த நீளத்துக்கு மட்டும் எடுத்துவிடலாம். மெஷினை அமுக்கி, தட்டி உள்ளே செலுத்துவது மட்டும் வேண்டாம். பக்கத் தகடு மெல்லியது, ஒடுங்கினால் ஓடும்போது அதிரும். நுழைந்தாலும் ஒருநாள் வெளியே எடுத்தாக வேண்டும்.

அறிகுறி: உள்ளே போய்விட்டது, ஆனால் முகம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது

அடிக்கடி வரும் புகார் இது. காரணமும் ஒன்றல்ல, பல சேர்ந்தது.

பட்டியலில் வரும் ஆழம் பல மாடல்களில் உடலின் ஆழம் மட்டும். கண்ணாடிக் கதவின் புடைப்பும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் திருகு பொத்தானும் அதில் சேராமல் இருக்கலாம். கையேட்டில் பொருத்தும் முறைப் பக்கத்துக்குப் போனால் ஒரு கோட்டுப்படம் இருக்கும். உடல் வரை ஒரு அளவு, கதவோடு சேர்த்து ஒரு அளவு, கதவு திறந்த நிலையில் ஒரு அளவு என்று தனித்தனியாகக் காட்டியிருக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டிய படம் அதுதான்.

பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வரும் ஹோஸ் மெஷினின் முதுகில் திருகப்பட்டிருக்கும். நேர் முனை ஹோஸ் என்றால் அது பின்னோக்கி நீட்டி, பிறகு வளைந்து போகும். அந்த வளைவை நசுக்கினால் ஹோஸ் மடிந்து தண்ணீர் மெதுவாக வரும், நாளடைவில் மடிப்பில் விரிசல் விடும். வடிகால் ஹோஸும் அப்படித்தான். மடிந்தால் பம்ப் திணறும். சுவரில் குழாய் மெஷினுக்கு நேர் பின்னால் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குழாயும் அதில் மாட்டிய இணைப்பும் சேர்ந்து சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து அளக்காமல் குழாயின் வெளி நுனியிலிருந்து அளந்தால்தான் உண்மையான ஆழம் தெரியும்.

பிளக்கும் இடம் பிடிக்கும். பிளக் பாயிண்ட் மெஷினின் முதுகுக்கு நேராக இருந்தால் சில சென்டிமீட்டர் போகும் என்பதோடு, அவசரத்துக்குப் பிளக்கைப் பிடுங்கவும் முடியாது. இந்த ஒன்றில் நான் சமரசம் செய்ய மாட்டேன்: பிளக் பாயிண்ட் கை எட்டும்படி பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய்க்கு அடியில் இருக்கக் கூடாது.

ஒரு உதாரணக் கணக்கு. உடல் 56, கதவுப் புடைப்பு 4, பின்னால் ஹோஸுக்கு 8. மொத்தம் 68 செ.மீ. தாளில் 56 என்று பார்த்துவிட்டு 60 செ.மீ. ஆழ மூலைக்கு வாங்கியவருக்கு 8 செ.மீ. வெளியே நிற்கும்.

இதைக் குறைக்க வழி உண்டு. மெஷின் பக்கம் செங்கோணமாக வளைந்த முனை உள்ள ஹோஸை மாட்டினால் பின்னோக்கி நீட்டுவது வெகுவாகக் குறையும். பல மெஷின்களோடு அந்த வகையே வரும், ஆனால் முனையை மாற்றி மாட்டியிருப்பார்கள். வளைந்த முனை மெஷினுக்கு, நேர் முனை குழாய்க்கு. நேர் பின்னால் இருக்கும் குழாயைப் பக்கவாட்டில் அரை அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள், பிளம்பருக்கு அது பெரிய வேலையல்ல. கதவின் புடைப்பை மட்டும் எதுவும் செய்ய முடியாது. அது வெளியே இருக்கத்தான் வேண்டும். ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: மெஷின் அழகாக அடங்கிவிட்டது, கதவுதான் முழுதாகத் திறக்கவில்லை

முகம் சுவரின் விளிம்பை விட உள்ளே போய்விட்டது. ஃப்ரண்ட் லோடு கதவின் கீல் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும், பெரும்பாலான மாடல்களில் பக்கம் மாற்றவும் முடியாது. கீல் சுவருக்குள் ஒளிந்திருந்தால் கதவு 90 பாகை கூடத் திறக்காமல் சுவரில் இடிக்கும். துணி போட ஒரு கை, கதவைத் தாங்க ஒரு கை என்று தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கீலுக்கும் தினமும் அடி. உடலின் முகம் சுவர் விளிம்போடு சமமாகவோ ஓரிரு சென்டிமீட்டர் வெளியிலோ வரும்படி மெஷினை முன்னே இழுங்கள். இடம் அழகாக இல்லையே என்று தோன்றும், ஆனால் கதவு திறக்கும்.

முன்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 60 செ.மீ. ஆழ மெஷினின் கதவை நேராகத் திறந்தால் பின்சுவரிலிருந்து கதவின் நுனி வரை ஒரு மீட்டரைத் தாண்டும். அதற்கு முன்னால் ஒருவர் குனியவோ குந்தவோ வேண்டும், துணிக்கூடை வைக்க வேண்டும். அறைக்கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் இரண்டு கதவுகளும் ஒன்றை ஒன்று தடுக்குமா என்று பாருங்கள். தரையில் சாக்பீஸால் இரண்டு கதவுகளின் வளைவையும் வரைந்து பார்ப்பது சிறந்த வழி. சோப்புத்தூள் தட்டையும் மறக்க வேண்டாம். அதை முழுதாக வெளியே இழுத்துக் கழுவ இடம் வேண்டும்.

டாப் லோடில் இதே பிரச்சினை மேல்பக்கம் வரும். மூடி திறந்தால் மொத்த உயரம் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டிவிடும். மேலே அலமாரி, ஜன்னல் கட்டை, நீட்டிய குழாய் எது இருந்தாலும் மூடி அதில் முட்டும். பாதி திறந்த மூடி தானாகவே விழும். நடுவில் மடியும் மூடி உள்ள மாடலுக்கு உயரம் குறைவாகப் போதும். சுவர்க் குழாயைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் தீரும். மூடிக்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, தொட்டியின் அடியில் ஒட்டிக்கிடக்கும் கடைசிக் காலுறையை எடுக்க நீங்கள் குனியும்போது தலை அலமாரியில் இடிக்காமல் இருக்கவும் வேண்டும்.

அறிகுறி: மேடைக்கு அடியில் நுழையவில்லை

மேடையின் அடிப்பரப்பு வரைதான் உயரம். அதன் முன் விளிம்பில் கல் பட்டை தொங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பட்டையின் அடி வரைதான். 85 செ.மீ. மெஷினுக்கு 85 செ.மீ. இடம் போதாது. கால்களைத் திருக ஒரு சென்டிமீட்டரும் அதிர்வுக்குச் சிறிதும் வேண்டும்.

உயரம் இருந்தும் நுழையவில்லை என்றால், தள்ளும் விதத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்துத் தள்ளுவதுதான் பலருக்கும் பழக்கம். முன்பக்கத்தை 5 செ.மீ. தூக்கினால் முன் மேல்விளிம்பும் ஏறக்குறைய 5 செ.மீ. ஏறும், 85 ஆக இருந்தது 90-ஐத் தொடும். 87 செ.மீ. இடத்தில் அது எப்படி நுழையும்? சாய்க்காமல் நேராக வழுக்கித்தான் உள்ளே விட வேண்டும். கால்களுக்கு அடியில் பழைய துணியோ மெல்லிய அட்டையோ விரித்து இழுத்தால் எளிதாக வழுக்கும். நின்ற பிறகு துணியை உருவிவிடுங்கள், அதன்மேலேயே ஓட விடக் கூடாது.

உள்ளே போன பிறகு பின் கால்களுக்குக் கை எட்டாது. அதனால் மூலையின் பின்பகுதித் தரை எவ்வளவு தாழ்வு என்று முன்னாலேயே அளந்து, பின் கால்களை வெளியிலேயே சரிசெய்துவிட வேண்டும். உள்ளே தள்ளிய பிறகு முன் கால்களை மட்டும் திருகினால் போதும்.

சில ஃப்ரண்ட் லோடு மாடல்களில் மேல் பலகையைக் கழற்றிவிட்டு உயரத்தைச் சில சென்டிமீட்டர் குறைக்கலாம். கையேட்டில் அதற்கு அனுமதி இருந்தால் மட்டுமே, அவர்கள் சொல்லும் மூடித்தகட்டைப் போட்டு மட்டுமே செய்ய வேண்டும். பலகை இல்லாமல் திறந்தபடி விட்டால் மேலே சிந்தும் தண்ணீர் நேராக மின்கம்பிகள் மேல் இறங்கும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். பாதி வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: மூலையில் இடம் இருக்கிறது, மெஷின் அங்கே வந்து சேரவில்லை

வாசல் நிலையின் அகலத்தை அளந்திருப்பீர்கள். ஆனால் கதவு 90 பாகையில் திறந்து நிற்கும்போது பலகையின் தடிமன் வழியை மறிக்கும், கைப்பிடியும் நீட்டிக்கொண்டிருக்கும். திறந்த பலகைக்கும் எதிர் நிலைக்கட்டைக்கும் நடுவே அளப்பதுதான் உண்மையான வழி. சில சென்டிமீட்டர்தான் குறைகிறது என்றால் கதவைக் கீலிலிருந்து கழற்றிவிடலாம், அரை மணி நேர வேலை. மெஷினின் அட்டையையும் தெர்மாகோலையும் வாசலுக்கு வெளியேயே பிரித்தால் இன்னும் இடம் கிடைக்கும். ஃப்ரண்ட் லோடு என்றால் பின்னால் உள்ள போக்குவரத்து போல்ட்களை (வழியில் தொட்டி ஆடாமல் பூட்டி வைத்திருப்பவை) மட்டும் அப்போது கழற்றாதீர்கள். மெஷின் தன் இடத்தில் நின்ற பிறகுதான் அவை வெளியே வர வேண்டும்.

நடைவழியின் திருப்பத்தில் நிற்கிறதா? 60-க்கு 60 உள்ள மெஷினை நின்ற இடத்திலேயே சுழற்ற 85 செ.மீ. வேண்டும், ஏனென்றால் சுழலும்போது குறுக்கு மூலை அளவுதான் இடம் பிடிக்கும். வழி 75 செ.மீ.தான் இருக்கிறது என்றால் சுழற்றவே வேண்டாம். வந்த முகத்தோடேயே மூலை வரை கொண்டுபோய், அப்படியே பக்கவாட்டில் நகர்த்துங்கள். மெஷின் திரும்பாது, போகும் திசை மட்டும் மாறும். முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை அகலமான இடத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கட்டில் கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே அளங்கள், தூக்குபவர்களின் விரல்களுக்கும் இடம் விடுங்கள். ஃப்ரண்ட் லோடு பெரும்பாலும் 60 கிலோவைத் தாண்டும். சுழலும் தொட்டி துள்ளாமல் இருக்க உள்ளே கான்கிரீட் எடைக்கட்டி வைத்திருப்பதுதான் காரணம். தனியாகத் தூக்கும் பொருள் அல்ல அது.

அறிகுறி: ஓடும்போது சுவரில் இடிக்கிறது, இடம்விட்டு நகர்கிறது

புது ஃப்ரண்ட் லோடு முதல் முறையே பயங்கரமாகக் குதிக்கிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு முதுகைப் பாருங்கள். தொட்டியைப் பூட்டி வைத்திருக்கும் மூன்று அல்லது நான்கு போக்குவரத்து போல்ட்கள் அப்படியே இருக்கும். அவற்றோடு ஓட்டினால் மெஷினே கெடும். கழற்றி, துளைகளை மூடி போட்டு அடைத்து, போல்ட்களைப் பத்திரமாக வைத்திருங்கள். வீடு மாறும்போது வேண்டும்.

போல்ட் இல்லை, ஆனாலும் டகடகவென்று சுவரில் தட்டுகிறது என்றால் பக்க இடைவெளி போதவில்லை அல்லது மட்டம் சரியில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. மெஷினை ஒரு சாண் முன்னே இழுத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். அமைதியாக ஓடினால் இடைவெளிதான் பிரச்சினை. அங்கேயும் ஆடினால் மட்டம்தான். மேல்பலகையின் குறுக்கு மூலைகளில் இரண்டு கைகளையும் வைத்து மாறி மாறி அழுத்துங்கள். ஆடும் மூலையின் கால் தரையைத் தொடவில்லை. அதைத் திருகி இறக்கிவிட்டு, பூட்டு நட்டை மெஷினின் அடிப்பக்கமாக மேலே இறுக்குங்கள். நட்டை இறுக்காமல் விட்டால் கால் மறுபடி மெல்ல மெல்லத் திருகிக்கொள்ளும்.

நிமிடத்துக்கு 1200, 1400 சுற்று சுழலும் பொருள் அசையாமல் நிற்காது. கையேடு சொல்லும் இடைவெளி எதுவோ அதுதான் கணக்கு. அது கையில் இல்லாதபோது இரண்டு பக்கமும் தலா 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. அந்த இடைவெளியில் அட்டையோ தெர்மாகோலோ திணித்து ஆட்டத்தை அடக்கப் பார்க்காதீர்கள். அதிர்வு அப்போது நேராகச் சுவருக்குப் போகும்.

அறிகுறி: ஹோஸ் எட்டவில்லை, அல்லது தண்ணீர் நிறையாமல் வடிந்துகொண்டே இருக்கிறது

எட்டாதது நீள அளவு. மெஷினோடு வரும் ஹோஸும் மின்கம்பியும் பொதுவாக ஒன்றரை மீட்டரை ஒட்டி இருக்கும். நேர்கோட்டில் அளந்து போதும் என்று நினைக்க வேண்டாம். ஹோஸ் தரைவழியே இறங்கி, வளைந்து, மறுபடி ஏறும். ஒரு கயிற்றை அதே வழியில் விட்டு அளந்து பாருங்கள். தண்ணீர் வரும் ஹோஸுக்கு நீளமானது கிடைக்கும். வடிகால் ஹோஸை ரொம்பவும் நீட்டினால் பம்புக்குச் சுமை. மின்கம்பிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுவதை ஈரம் புழங்கும் இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பிளக் பாயிண்டையே நகர்த்துங்கள்.

தண்ணீர் நிறையாமல் வடிவது உயர அளவு. பம்ப் வைத்த மெஷினில் வடிகால் ஹோஸின் முனை தொட்டியின் நீர்மட்டத்தை விடத் தாழ்வாக, தரை வடிகாலில் கிடந்தால், தண்ணீர் ஒருமுறை ஓடத் தொடங்கியதும் தானாகவே இழுத்துக்கொண்டு போய்விடும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், அது வடிந்துகொண்டே இருக்கும். ஃப்ரண்ட் லோடில் ஹோஸ் ஏதோ ஓர் இடத்திலாவது தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு ஏறி வளைய வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்லியிருப்பார்கள். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் வளைவுத் தாங்கியில் ஹோஸை மாட்டிச் சுவரில் அந்த உயரத்தில் கட்டிவிடுங்கள். முனையைக் குழாய்க்குள் ஆழமாகச் செருகி இடைவெளியில்லாமல் அடைத்துவிட்டாலும் இதே கோளாறு வரும். காற்று புக இடம் விட வேண்டும். பம்ப் இல்லாத டாப் லோடுக்குக் கதை நேர்மாறு, அதன் ஹோஸ் தாழ்வாகத்தான் கிடக்க வேண்டும். உயர்த்தினால் தண்ணீர் வெளியேறாது. உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் வடிகாலின் உயரத்தை அளங்கள்.

அறிகுறி: ஃபில்டர் மூடியைத் திறக்க முடியவில்லை

ஃப்ரண்ட் லோடில் பெரும்பாலும் முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும். நாணயமும் பட்டனும் அங்கேதான் சேரும். மெஷின் நிற்க மேடை கட்டி அதன் முன்னால் விளிம்பு எழுப்பியவர்களும், அடியில் பலகை அடித்து மறைத்தவர்களும் இந்த மூடியை அடைத்துவிடுகிறார்கள். மூடி திறக்கவும், வழியும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தட்டை அடியில் நுழைக்கவும் இடம் விட்டு விளிம்பை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: எவ்வளவு அளந்தாலும் எந்த மாடலும் அடங்கவில்லை

ஆழம்தான் இடிக்கிறது என்றால் 40 முதல் 45 செ.மீ. ஆழ ஒல்லி ஃப்ரண்ட் லோடு பாருங்கள். கொள்ளளவு குறையும், கனமான போர்வையை அதில் துவைக்க முடியாது என்று தெரிந்தே வாங்குங்கள். அகலம் இடிக்கிறது என்றால் 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் ஒரு வகை இருக்கிறது. தொட்டி ஃப்ரண்ட் லோடு போலவே படுத்த வாக்கில் சுழலும், துணி மட்டும் மேலே திறந்து போடுவது. ஐரோப்பாவின் சின்ன வீடுகளில் பரவலாக உள்ள இந்த வகை எல்லா ஊரிலும் கிடைக்காது, ஆனால் விசாரித்துப் பார்க்கத் தகுந்தது.

எதை வாங்குவதானாலும், முடிவு செய்யும் முன் மெஷின் வந்த ஏதாவது பழைய அட்டையை எடுத்து, கதவு திறந்த நிலையின் ஆழம் வரை வெட்டித் தரையில் போட்டுவிடுங்கள். ஹோஸுக்கான இடத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றி நடமாடிப் பாருங்கள். அறைக்கதவைத் திறந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து. எங்கே அட்டையை மிதிக்கிறீர்களோ அங்கே மெஷினிலும் இடிப்பீர்கள். அந்த இடத்து எண்ணைக் குறைத்துக்கொண்டு வேறு மாடலைத் தேடுங்கள்.